மழை முடியட்டும் என்று சொல்லாதீர்கள்

குமணன்சாவடி, கரையான்சாவடி, காட்டுப்பாக்கம் வட்டார அடுக்ககச் சங்கங்களுக்கும் குடியிருப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், மொட்டை மாடிச் சாவியை வைத்திருப்பவர்கள், அந்தச் சாவியைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள் அனைவருக்கும்,



ஆவணி முடியப் போகிறது. இன்னும் சில நாளில் புரட்டாசி. மாடியில் காய்கறி போடலாமா என்று சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: "மழை முடியட்டும், பார்க்கலாம்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். கேட்டவரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மழை முடியும்போது மார்கழி நெருங்கிவிடும். பிறகு பொங்கல், அதன்பின் பிள்ளைகளின் பரீட்சை. பேச்சை மறுபடி எடுக்கும்போது மாசி. அவசர அவசரமாகப் பை வாங்கி, மண் நிரப்பி, விதை போட்டு, செடி பூக்கத் தொடங்கும் நேரத்தில் பங்குனி வெயில் வந்து நிற்கும். செடி கருகும். "நம்ம ஊருக்கு இதெல்லாம் சரிப்படாது சார்" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

அந்தத் தீர்ப்பு தப்பு. தேதிதான் தப்பாகப் போனது. நம் பக்கத்தில் பனிக்கால அறுவடையை முடிவு செய்வது மழைக்காலம். மழைக்கு முன்னால் என்ன நட்டோம், மழையில் எதைக் காப்பாற்றினோம், மழை விட்ட வாரத்தில் என்ன விதைத்தோம் என்ற மூன்றில்தான் தை மாதத்துக் கூடை இருக்கிறது. ஆகவே மாடிக் கதவைத் திறக்க வேண்டிய மாதம் புரட்டாசி. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை நீள மடல்.

பனிக்காலம் என்றதும் சிலர் சிரிப்பீர்கள். சென்னைக்கு ஏது குளிர்? ஜனவரி விடியலில் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் பூந்தமல்லிப் பக்கம் அதைவிடவும் கொஞ்சம் குறையும். மஃப்ளர் சுற்றிக்கொண்டு வாக்கிங் போக அது போதும். தக்காளிக்கும் அது போதும். தக்காளிப் பூ காயாவதை இரவு வெப்பம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இரவில் 15 முதல் 21 டிகிரிக்குள் இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். 25ஐத் தாண்டிப் போனால் மகரந்தம் கெட்டுப் பூ காம்போடு உதிரும். மே மாதத்தில் நம் இரவே 28 டிகிரியை ஒட்டி நிற்கிறது. கோடையில் செடி ஆளுயரம் வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்து, ஒரு காய்கூட நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் உரக்கடைக்காரரைத் திட்ட வேண்டாம். அந்தச் செடிக்கு வேண்டிய இரவு நம் ஊரில் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரைதான் கிடைக்கிறது.

அவரைக்கு வேறு கணக்கு. பந்தலில் ஏறும் நாட்டு அவரை குளிரைப் பார்ப்பதைவிடப் பகலின் நீளத்தைப் பார்க்கிறது. சென்னையில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நமக்கு அது தெரிவதே இல்லை. அவரைக்கொடிக்குத் தெரியும். பகல் சுருங்கும்வரை இலையும் கொடியுமாகவே ஓடும். சுருங்கியதும் பூங்கொத்து நீட்டும். ஆடியில் போட்டால் பெரிய பந்தலாகிப் பூக்கும், புரட்டாசியில் போட்டால் சின்னக் கொடியிலேயே பூக்கும். சித்திரையில் போட்டுவிட்டு "அஞ்சு மாசமா வெறும் கொடிதான்" என்று வெட்டி எறிந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பகல் நீளம் பாராத குத்து அவரை ரகங்கள் இருக்கின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 14 அப்படி ஒன்று, பந்தலும் வேண்டாம்.

நம் வட மாவட்ட வீடுகளில் பொங்கலன்று வைக்கும் பல காய்க் குழம்பைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அவரை, மொச்சை, பரங்கி, கத்தரி, சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, வாழைக்காய். தை பிறக்கும்போது தோட்டத்தில் எது கிடைக்குமோ அதுதான் சட்டியில் விழுந்தது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் பயிரான வயல்கள் நம் பக்கம் மனை மனையாக மாறி, டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூண் நட்டாயிற்று. குழம்பு மட்டும் மாறவில்லை. காய் மட்டும் எங்கிருந்தோ லாரியில் வருகிறது.

லாரியைப் பற்றி நமக்குச் சொல்லத் தேவையில்லை. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடியபோது மொத்தக் காய்கறி வியாபாரம் நமக்குப் பக்கத்துத் திருமழிசைக்குத்தான் வந்தது. சென்னை நகரமே ஒரு நாளைக்கு எவ்வளவு காய் தின்கிறது என்பதை நம் சாலைகளில் நின்ற லாரி வரிசை காட்டியது. செப்டம்பர் கடைசியில் சந்தை கோயம்பேட்டுக்கே திரும்பிப் போனது. அடுத்த ஆண்டு, 2021 நவம்பரில், ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் கொட்டிய மழையில் மதனப்பள்ளி, கோலார் தக்காளி அழுகிப்போக, இங்கே கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. கார்த்திகை மார்கழியில் முருங்கைக்காய் விலை ஏறுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அது முருங்கை காய்க்காத பருவம். புரட்டாசியில் கவிச்சி நிறுத்தும் வீடுகள், கார்த்திகையில் மாலை போடும் வீடுகள் எல்லாம் காய் கேட்கிற மாதங்களில்தான் மழையும் வருகிறது.

மாடியில் நாலு பை வைத்தால் இந்த விலையெல்லாம் இறங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. நான்கு பேர் குடும்பத்துக்கு வேண்டிய வெங்காயமும் உருளையும் மாடியில் விளையாது. கீரை, கொத்தமல்லி, பச்சை மிளகாய், கத்தரி, அவரை, தக்காளி, முள்ளங்கி இவை விளையும். பறித்த அரைமணியில் சமைக்கலாம் என்பது இவற்றில்தான் நாக்குக்குத் தெரியும். சந்தைக் கீரை எத்தனை முறை தண்ணீர் தெளித்து நிமிர்த்தப்பட்டது என்று கட்டை அவிழ்க்கும்போதே தெரிந்துவிடுகிறதே!

சரி, மழைக்கு வருவோம். நம் ஊரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். டெல்லிக்காரர் யூடியூபில் "குளிர்காலத் தோட்டம்" என்று சொல்லித்தரும் தேதிகள் நமக்கு ஒத்துவராததற்கு இதுதான் காரணம். அவருக்கு அக்டோபர் என்பது வறண்ட, இதமான மாதம். நமக்கு அது குடை பிடிக்கும் மாதம். அவர் அக்டோபரில் விதைக்கச் சொன்ன கொத்தமல்லி, நம் மாடியில் முதல் அடைமழையிலேயே பையை விட்டு வெளியே மிதக்கும்.

அதோடு புயலும் சேரும். வர்தா 2016 டிசம்பர் 12, மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. எல்லாம் கார்த்திகையை ஒட்டியே வந்திருக்கின்றன. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்ட நாளை நாம் யாரும் மறக்கப் போவதில்லை. ஆக, மூன்று தவணையாகப் பயிர் வைக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நட்டுவிட்டு மழையிடம் ஒப்படைக்கக் கூடாது.

முதல் தவணை, மழைக்கு முன் வேர் பிடிக்க வேண்டியவை. கத்தரி, மிளகாய் நாற்றுகளைப் புரட்டாசித் தொடக்கத்திலேயே பையில் நட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் செடிக்கு மூன்று நான்கு வாரம் கிடைத்தால் தண்டு தடித்துவிடும். அப்புறம் மழை அதை ஒன்றும் செய்யாது. நாற்று போட்டு வளர்க்க இப்போது நேரமில்லை, ஆகவே நர்சரியிலிருந்து வாங்குங்கள். உயரமான நாற்றைத் தேடாதீர்கள். குட்டையாக, தண்டு பருத்து, பூ விடாததாகப் பாருங்கள். சர்க்கரைவள்ளிக் கொடியின் நுனித் துண்டுகளையும் இப்போதே ஊன்றுங்கள். அது விளைய நான்கு மாதம் ஆகும். செப்டம்பர் நடுவில் ஊன்றினால் கணக்குச் சரியாகப் பொங்கலில் வந்து நிற்கும். அவரையும் இந்தத் தவணைதான். கத்தரியில் வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதை கிடைத்தால் விடாதீர்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம் அது. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

இரண்டாம் தவணை, மழையின்போது கூரைக்கடியில் வளர வேண்டியவை. ஐப்பசி நடுவில் தக்காளி, நூல்கோல், சமவெளிக்கேற்ற காலிஃபிளவர் ரகம் ஆகியவற்றின் விதையைக் குழித்தட்டில் போடுங்கள். மாடிப்படி முடிகிற அறையின் முன்னால் நீட்டியிருக்கும் சன்ஷேடுக்குக் கீழே இரண்டு தட்டு வைக்கும் இடம் எல்லாக் கட்டடத்திலும் உண்டு. வெளிச்சம் வேண்டும், சாரல் கூடாது. இந்த நேரத்தில் நாற்றைக் கொல்வது நாற்றழுகல். முந்தின நாள் மாலை நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூலாய் இளைத்துச் சாய்ந்து கிடக்கும். பூசணம்தான் காரணம், அதிக ஈரம்தான் அழைப்பு. விதையைச் சூடோமோனாஸ் பொடியில் புரட்டிப் போடுங்கள், தண்ணீரைக் கை தெளிப்பானால் மட்டும் விடுங்கள். தக்காளிக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 நம் வெயிலையும் தாங்கும், விதை எடுத்து வைக்கவும் ஆகும். நாற்றுக்கு ஏறக்குறைய 25 நாள். கார்த்திகை நடுவில் மழை ஓயும்போது கையில் தயாராக இருக்கும். "மழை முடியட்டும்" என்று உட்கார்ந்திருந்தவர் அன்றுதான் விதை வாங்கக் கிளம்புவார். அந்த ஒரு மாதம்தான் மாசியில் பழம் பறிக்கிறவரையும் பங்குனியில் பூ உதிர்வதைப் பார்க்கிறவரையும் பிரிக்கிறது.

மூன்றாம் தவணை, மழை விட்டதும் நேரே விதைப்பவை. முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி, வெந்தயக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, பீன்ஸ். முள்ளங்கியில் பூசா சேட்கி வெப்பம் தாங்கும் ரகம். 40, 45 நாளில் பிடுங்கலாம். டிசம்பர் முதல் நாள் விதைத்தால் பொங்கல் சாம்பாருக்கு ஆயிற்று. கீரைக்கு 25 நாள், கொத்தமல்லிக்கு 40, பீட்ரூட்டுக்கு 60 முதல் 70. கொத்தமல்லி விதையைத் தரையில் போட்டுச் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்துப் போட வேண்டும். முழுசாகப் போட்டால் சோம்பேறித்தனமாக முளைக்கும். கேரட் ஆசை எல்லோருக்கும் வருகிறது. முயன்று பாருங்கள், தடுக்கவில்லை. ஆனால் விரல் விரலாகக் கிளைத்து வந்தால் வருந்தாதீர்கள். கேரட்டை ஊட்டிக்கே விட்டுவிடலாம்.

இடம் பார்ப்பதில் பலரும் கோட்டைவிடும் ஒரு விஷயம் வெயில். ஆடியில் உச்சிச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடுகிறது. ஆடியில் வெயில் கொட்டிய இடம் என்று தண்ணீர் தொட்டிக்கு வடக்கே பைகளை அடுக்கியிருந்தால், மார்கழியில் அவை நாள் முழுக்கத் தொட்டியின் நிழலில் கிடக்கும். தெற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரும் அப்படித்தான். மூன்றடிச் சுவரின் நிழல் மார்கழி உச்சி வெயிலில்கூட இரண்டடிக்கு மேல் உள்ளே விழும். அந்தச் சுவரோரம் வைக்கிற பையை ஸ்டாண்டில் ஏற்றுங்கள், அல்லது அந்த இடத்தைக் கீரைக்கும் புதினாவுக்கும் ஒதுக்குங்கள். தக்காளியும் கத்தரியும் நாளுக்கு ஆறு மணி நேர வெயில் கேட்கும்.

மண் கலவைக்கு ஆளுக்கொரு சூத்திரம் சொல்வார்கள். மழைக்காலத்துக்கு ஒரே விதி, தண்ணீர் நிற்கக் கூடாது. செம்மண் ஒரு பங்கு, கோகோ பீட் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பையின் அடியில் ஓட்டை போதாவிட்டால் இன்னும் நாலு போடுங்கள். பெருமழை நின்றபின் செடி வெளிறினால் நோய் என்று பதறாதீர்கள். மழைத் தண்ணீர் தழைச்சத்தைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளித்தால் ஒரு வாரத்தில் தெளியும்.

பூச்சிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கத்தரியின் நுனித் தண்டு நன்றாகத் தண்ணீர் விட்டும் வாடித் தொங்கினால், அதைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு இருக்கும். அன்றே கிள்ளி அப்புறப்படுத்தினால் காய் தப்பும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் அதன் சந்ததி காய்க்குள் இருக்கும். அடுத்தது மார்கழிப் பனியில் அவரைப் பூங்காம்பில் கருப்பாக அப்பிக்கொள்ளும் அசுவினி. எறும்பு வரிசை கட்டி ஏறுகிறதென்றால் அது வந்துவிட்டது என்று பொருள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். அந்தக் காலத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவினார்கள். அடுப்பு மாறிவிட்டதால் சோப்புக்கு வந்துவிட்டோம்.

இனிச் சங்கத்தாரிடம் நேராகப் பேச வேண்டியது. உங்கள் பயங்கள் எல்லாம் வெறும் சாக்கு இல்லை. மாடி ஒழுகினால் மேல்தளத்து வீட்டுக்காரர் யார் கதவைத் தட்டுவார் என்று எனக்கும் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எடை. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமை என்பது இந்தியக் கட்டடத் தர விதியின் கணக்கு. ஒரு கன அடி ஈரமண் 50 கிலோவைத் தொடும். தளத்தில் நேரே மண்ணைக் கொட்டி ஓரடிப் பாத்தி கட்டினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். அதற்கு நீங்கள் அனுமதி மறுப்பது முழுக்கச் சரி. ஆனால் கோகோ பீட் கலந்த நடுத்தரப் பை நன்றாக நனைந்தாலும் 20 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சதுர மீட்டருக்கு நாலு பை என்றால் 80 கிலோ. அதையும் நடுத்தளத்தில் குவிக்காமல் தூணும் பீமும் இருக்கும் ஓரங்களில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். பழைய கட்டடம், கம்பி துருத்தித் தெரிகிற கட்டடம் என்றால் முதலில் ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள், தோட்டம் அப்புறம்.

அடுத்து ஒழுகல். பை தளத்தை ஒட்டி உட்கார்ந்தால்தான் அடியில் ஈரம் தங்கும். செங்கல்லோ இரும்பு ஸ்டாண்டோ வைத்து அரையடி தூக்கினால் காற்று ஓடும், பெருக்கவும் முடியும். மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றி மூன்றடிக்குள் எதுவும் வைக்கக் கூடாது என்று விதி போடுங்கள். இலையும் கோகோ பீட்டும் போய் அடைத்துக்கொண்டால்தான் மாடி குளமாகும். வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டிய மாடி என்றால் தோட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்துதான் ஆக வேண்டும்.

அப்புறம் கொசு. செடி கொசு வளர்ப்பதில்லை. செடிக்கு அடியில் வைக்கும் தட்டு வளர்க்கிறது. ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் போதும். ஆகவே மழைக்காலத்தில் தட்டுக்கு முழுத் தடை, திறந்த வாளிக்கும் தடை. வாரம் ஒருநாள் ஒருவர் சுற்றிப் பார்க்க வேண்டும். டெங்கு பயத்தால் மாடியைப் பூட்டிவைக்கும் கட்டடங்களில் அந்தப் பூட்டுக்குப் பின்னால் எத்தனை உடைந்த நாற்காலியும் பழைய டயரும் தண்ணீர் ஏந்திக் கிடக்கின்றன என்பதையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

புயலுக்கும் விதி வேண்டும். எச்சரிக்கை வந்ததும் உயரச் செடியெல்லாம் கைப்பிடிச் சுவரைவிடத் தாழ்வாக வந்துவிட வேண்டும். பந்தல் கயிறு, நிழல்வலை எல்லாம் அவிழ்க்கப்பட வேண்டும். சுவர் மேல் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது. அங்கிருந்து விழுந்தால் கீழே காரும் தப்பாது, ஆளும் தப்ப மாட்டார். இதற்குச் சம்மதிக்காதவருக்குச் செடி வைக்க இடம் இல்லை என்று எழுதியே வைத்துவிடுங்கள்.

கடைசியாகச் சண்டை. "என் மிளகாயை யார் பறித்தது" என்ற கேள்வி வரத்தான் செய்யும். இதற்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வசிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்குக் கீழே, 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தின்கீழ்க் குடியிருப்போரே சேர்ந்து நடத்தும் தோட்டங்கள் இருக்கின்றன; சண்டைக்குப் பயந்து அவர்கள் விட்டுவிடவில்லை. 2020இல் கொரோனா நேரத்தில் அதே கழகம் வீடுகளுக்கு இலவசமாக விதைப் பொட்டலம் அனுப்பியது. இத்தனைக்கும் அவர்களுக்குப் பனிக்காலம் என்று ஒன்று கிடையாது. ஆண்டு முழுக்க ஒரே புழுக்கம். நமக்கு மூன்று மாதம் இதமான இரவு கிடைக்கிறது, அதை மாடியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

அரசாங்கமும் கைவிட்டுவிடவில்லை. தோட்டக்கலைத் துறையின் 'நீங்களே செய்து பாருங்கள்' மாடித் தோட்டத் திட்டம் 2013-14இல் சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்கியது. 2021 டிசம்பரில் பை, தென்னை நார்க் கட்டி, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் அடங்கிய 900 ரூபாய்த் தொகுப்பை 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மானியமும் இருப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. சந்தேகம் தீர்த்துக்கொள்ள நம் மாவட்டத்திலேயே திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுத்து ஒருவரை வரவழைத்துப் பேச வைக்கலாம்.

ஆகவே இந்த மாதக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடக் கேட்கிறேன். ஒன்று, காலை 6 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் மாடி திறந்திருக்கும். சாவி செக்யூரிட்டி அண்ணனிடம், கையெழுத்து நோட்டோடு. இரண்டு, விருப்பப்படும் வீட்டுக்கு ஆளுக்கு நாலு பைக்கான இடம், எங்கே என்பதைச் சாக்பீஸால் கோடு போட்டு, எடை, வடிகால், கொசு, புயல் விதிகளுக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு. மூன்று, ஐப்பசியில் சன்ஷேடுக்குக் கீழே பொதுவாக இரண்டு குழித்தட்டு நாற்று. அதற்கான செலவு, நீங்கள் பொங்கல் விழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் மைக் செட்டைவிடக் குறைவாகத்தான் வரும்.

வாடகைக்கு இருக்கும் குடும்பங்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல கட்டடங்களில் செடி வளர்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வேலூர்ப் பக்கமிருந்தும் திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் நிலத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். கீழ்வீட்டுப் பாட்டியிடம் அவரைக்குப் பந்தல் எப்படிக் கட்டுவது என்று கேட்டால், சங்கத் தலைவருக்கே அவர் பாடம் எடுப்பார்.

இந்த ஆண்டும் "மழை முடியட்டும்" என்றால், தை மாதம் நான் வந்து குறை சொல்லப் போவதில்லை; காய்கறிக் கடை அந்த வேலையைச் செய்துகொள்ளும். சம்மதம் என்றால் எனக்குப் பதில் எழுத வேண்டாம். புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் மாடி திறக்கும் நேரத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கத்தரி நாற்றை மறுநாளே வாங்கிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருக்காரன்
குமணன்சாவடி